கொக்குக்குக் கட்டிய வலை

மீன் குளத்துக்குக் குழி வெட்டிய அன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், என் தம்பி, மண் வெட்டக் கூலிக்கு வந்த கணவன் மனைவி இரண்டு பேர், மதில் மேல் தாடையை வைத்து வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டம்மா. இந்த ஆறு பேர் காதிலும் விழும்படிதான் நான் சொன்னேன், ரெண்டடி ஆழம் போதும் என்று. யார் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது எல்லாம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் சத்தமாகச் சொன்னேனா, இல்லை எப்போதும்போல வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேனா என்பதில்தான் சந்தேகம்.

ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கேட்டது. பதில் சொன்னாரே.

"ரெண்டடியா? சித்திர வெயிலுக்கு அது கொழம்பா கொதிக்கும். நீ அதுலயே உப்பு புளி போட்டு எறக்கிக்கலாம். நாலடி வெட்டுங்கப்பா."

அவர் கொத்தனார். திண்டிவனத்தைச் சுற்றி எத்தனையோ வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியவர். ஆழம் பற்றி அவரிடம் நான் என்ன பேசுவது? மண் வெட்டும் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் தம்பி குழிக்குள் குதித்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக நின்றான்.

"எதுக்கு மாமா டேப்பு? என்னயே அளவா வெச்சுக்கினு வெட்டச் சொல்லுங்க. இங்க வந்தா போதும்" என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான்.

அந்தக் குளத்தை வெட்டலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். இதை ஒளித்துப் பயனில்லை. ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்கு வலிப்பு உண்டு. சின்ன வயதில் கிடையாது. முப்பத்தெட்டு வயதில், மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து படகில் போயிருந்தபோது, வலை இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே பின்னால் சாய்ந்தான். கூடப் போன மூன்று பேரும் அவனைக் குறுக்குப் பலகையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கயிறு அழுத்திய தடம் அவன் கையில் பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தது. நல்லவேளை, இரண்டும் கரையில். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை எழுதினார். ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். "கடலுக்கு இனிமே போகக் கூடாதுப்பா" என்று, வெயிலில் அலையாதே என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அவன் பிறந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் கிளம்ப வேண்டும். கைப்பிள்ளையை யார் பார்ப்பது? நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் நான் பெரியவளானேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் தம்பி என்று வாய் சொன்னாலும், பயம் வரும்போது பெற்றவளுக்கு வருகிற பயம்தான் எனக்கு வரும். அதுவும் நான் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் திரும்பி வந்து பார்க்கிறவள். என்னிடம் இப்படி ஒரு சங்கதி வந்து மாட்டினால் கேட்கவா வேண்டும்?

படகில் அவனுக்கு நாலில் ஒரு பங்கு இருந்தது. அதை விற்றுவிடு என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். கூட்டாளிகள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று ஒத்துக்கொண்டு ஒரு லட்சத்தைக் கொடுத்தார்கள். மீதியைப் பிறகு தருகிறோம் என்றார்கள். எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்கை விற்றவன் கைக்குக் கடைசி ரூபாய் வந்து சேரும்வரை பங்கு அறுந்ததாகாது. பாக்கி எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் சரி, அவன் ஒரு நாள் காலையில் வந்து படகில் ஏறி உட்கார்ந்தால் இறங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த முப்பதாயிரம் என் தொண்டையில் முள்ளாக நின்றது. பணத்துக்காக இல்லை.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு தம்பி மூன்று மாதம் சும்மா இருந்தான். சும்மா என்றால் எழுந்திருப்பான், சாப்பிடுவான், போனில் மீன் வீடியோ பார்ப்பான். மாமாவோடு சித்தாள் வேலைக்குப் போகிறேன் என்றான். சாரத்தில் ஏறி நிற்கும்போது வந்துவிட்டால் என்று நான் விடவில்லை. வண்டி ஓட்டுகிறேன் என்றான். அதற்கும் விடவில்லை. "அப்ப என்னத் தூக்கி பீரோவுல வெச்சு பூட்டிடுக்கா" என்றான். ஒரு நாள் அவன் போனில் யாரோ வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். உயிர் மீனுக்கு இப்போது நல்ல விலை இருக்கிறது, வீட்டிலேயே வியாபாரம், கடலை மறப்பான். அவ்வளவுதான் யோசித்தேன்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு, அவன் குழிக்குள் நின்று நெஞ்சில் கை வைத்துக் காட்டும்வரை இது தோன்றவே இல்லை. கடல் தண்ணீர் வேண்டாம் என்று கூட்டிவந்து, அடுப்படியிலிருந்து பதினைந்து தப்படியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன். வலிப்பு வந்தவன் விழுந்து சாக ஒரு அன்னக்கூடைத் தண்ணீர் போதும்.

சண்டை போட்டேன், கெஞ்சினேன். கடைசியில் மூன்றரை அடி என்று முடிந்தது. அரையடிதான் என்னால் குறைக்க முடிந்தது.

பன்னிரண்டுக்கு இருபது அடி. வேலை நடந்த இடங்களில் மிஞ்சிய செங்கல்லும் மணலும் என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்தார். சிமெண்டுதான் காசு கொடுத்து வாங்கியது. பூசி முடித்துத் தண்ணீர் விட்டதும் மீன் விட முடியாது, புது சிமெண்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டார். பத்து நாளில் தண்ணீர் டீக் கஷாயம்போல ஆகி நாறியது. இறைத்துவிட்டு மறுபடியும் வாழை, மறுபடியும் தண்ணீர்.

"என்னாங்க, மீனு வளக்கிறீங்களா, சாராயம் காச்சுறீங்களா?" என்றார் பக்கத்து வீட்டம்மா மதில் மேலிருந்து.

"காச்சனதும் மொத கிளாசு உங்களுக்குத்தான் பெரிம்மா" என்றான் தம்பி.

அவன் சிரிப்பைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த நாற்றம் பிடித்த தண்ணீர் எனக்கு வேண்டியிருந்தது. அது இருக்கும்வரை அவன் அதில் இறங்க மாட்டான்.

மூன்றாவது தண்ணீர் தெளிந்து நின்றபோது நான் ஒரு காரியம் செய்தேன். குப்பத்திலிருந்து வரும்போது அவன் ஒரு பழைய வலையைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். அதைக் குளத்துக்கு மேலே இழுத்துக் கட்டு என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"கொக்கு வரும்டா. மீன்கொத்தி வரும். ஒண்ணு விடாம தூக்கிக்கினு போய்டும்."

கொக்கு வந்தது உண்மை. ஆனால் நான் நினைத்தது கொக்கை இல்லை. என் வீட்டுக்காரர் கரைச் சிமெண்டில் பத்துக் கொக்கி பதித்துக் கொடுத்தார். தம்பி ஒவ்வொரு கொக்கியிலும் முடிச்சுப் போட்டுக் கட்டினான். நான் கூடவே நின்று இன்னும் இழு, இன்னும் இழு என்றேன். "கொக்குக்கு இவ்ளோ டைட்டாவாக்கா? யானைய நிக்கவெக்கலாம் போலக்குது" என்றான். அவன் உள்ளே போனதும் ஒரு மூட்டை மணலை நானே தூக்கி வலை மேல் வைத்துப் பார்த்தேன். தொய்ந்தது, ஆனால் தண்ணீரைத் தொடவில்லை. மணல் மூட்டை ஐம்பது கிலோ இருக்குமா, அவன் எவ்வளவு இருப்பான் என்று நின்று யோசித்தேன்.

பிறகு மீன் வாங்கப் போனோம். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் மீன் குஞ்சு தருகிறார்கள். பண்ணைக்காரர் பொறுமையான ஆள். தொட்டி தொட்டியாகக் காட்டி விளக்கினார்.

"எல்லாம் கெண்டை ஜாதிதான். இது கட்லா, மேலாப்புல மேயும். இது ரோகு, நடுவுல. மிர்கால் அடியில கெடக்கும். ஒண்ணுக்கொண்ணு சண்ட சச்சரவே கெடையாதும்மா. தவுடு, மல்லாட்டைப் புண்ணாக்கு போட்டா போதும்."

"அப்ப ஆடே வளக்கலாமே" என்றான் தம்பி.

நான் அவன் முழங்கையைக் கிள்ளினேன். அவனுக்கு அந்த மீன்களைப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கே குளத்து மீன் என்றால் இளக்காரம். சேற்று நாற்றம், சவசவ என்று இருக்கும் என்பார்கள். எனக்கு மட்டும் என்ன, அம்மாவோடு மீன் அறுத்துப் பழகிய கைக்கு அந்தக் குஞ்சுகள் மீனாகவே தெரியவில்லை. செத்த மீனில் நல்லது கெட்டது பார்க்க எங்களுக்குத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும். உயிரோடு இருக்கிற மீனில் எதைப் பார்த்து எடுப்பது? சண்டை போடாத மீன் என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினேன். நூறு குஞ்சு. காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா, அது இன்னா உருண்டையா?" என்றார்.

"மீன் குஞ்சிங்க."

"எத்தினி பேரு? டிக்கெட் போடணுமே."

"நூறு பேருண்ணே. எல்லாம் அஞ்சி வயசுக்குக் கீழ" என்றான் தம்பி.

பஸ்ஸே சிரித்தது. நான் அவன் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. காலையில் புண்ணாக்கு உருண்டை போட்டால் நூறு வாயும் மேலே வந்து திறக்கும். நான் எண்ணிப் பார்ப்பேன், முப்பதுக்கு மேல் எண்ண முடியாது. தம்பி ஒரு வாரம் தீனி போட்டான். அப்புறம் அதை என்னிடம் விட்டுவிட்டு மறுபடியும் போனைக் கையில் எடுத்தான். "அதுங்க வருது, தின்னுது, போவுது. அதுல இன்னாக்கா கீது?" என்றான்.

ஒரு மாதம் கழித்து, வானூருக்கு ஒரு வேலையாகப் போகிறேன் என்று கிளம்பினவன் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் இரண்டு பிளாஸ்டிக் கேனோடு வந்து இறங்கினான். கழுவெளி உப்பங்கழியில் வலை போட்டவர்களிடம் வாங்கி வந்தானாம். மூடியைத் திறந்து காட்டினான். கொடுவாக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண். இருபத்திரண்டு. முதுகில் முள் விறைத்து, கண் செம்மண் நிறத்தில் மின்னியது. கேனுக்குள்ளேயே ஒன்று இன்னொன்றை முறைத்துக்கொண்டு நின்றது.

"நல்ல தண்ணியில செத்துடுமேடா."

"சாவாது. உப்ப மெள்ள மெள்ள கொறைக்கணும். நீ பாரு."

நீல டிரம்மில் கல்லுப்பு கரைத்த தண்ணீரும் கேன் தண்ணீருமாக விட்டு அதில் போட்டான். தினமும் ஒரு குடம் உப்புத் தண்ணீரை எடுத்து ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றுவான். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கோயில் தீர்த்தம் குடிக்கிற மாதிரி. "இன்னிக்கு இது போதும்" என்பான். எட்டு நாள் இப்படியே நடந்தது. மாத்திரையைக் கூட நான் ஞாபகப்படுத்தாமல் அவனே போட்டுக்கொண்டான். ஒன்றுகூடச் சாகவில்லை. எட்டாம் நாள் அவன் குளத்தருகே போய் வலையின் ஒரு மூலையை அவிழ்த்தபோது நான் கையில் பாத்திரத்தோடு நின்றேன்.

கொடுவா என்ன தின்னும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கொடுவாவின் வயிற்றை இந்தக் கையால் கிழித்திருக்கிறேன். முழு மீன் கிடக்கும் உள்ளே, செதில்கூடக் கரையாமல். கெண்டைக் குஞ்சுகள் விரல் நீளம். இவை சாண் நீளம். வாயைத் திறந்து சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். குளத்தில் கொடுவா சறுக்கி இறங்கியதும், "போச்சு பாரு! போன வேகத்த பாத்தியாக்கா!" என்று கத்தினான். ஒரு வருஷமாக நான் கேட்காத குரல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இருபது நாளில், புண்ணாக்கு உருண்டை போட்டால் மேலே வருகிற வாய்கள் ஐம்பதாயின. அப்புறம் பத்து. ஒரு காலையில் உருண்டை கரைந்து அடியில் போய் உட்கார்ந்தது, எதுவும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் குளத்தங்கரையில் குந்தி வெகுநேரம் பார்த்தார். கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் மெதுவாகக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

"நூறு குஞ்சும் போச்சா?"

"தெரிலீங்க."

"கொடுவா மத்த மீன தின்னும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றேன்.

மீன்காரி மகள் சொல்கிற பொய்யா அது? அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி உடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் காசு அது. சிமெண்டும் அவர் காசு. அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய பேஜாரு அதற்குப் பிறகுதான் வந்தது. கெண்டை தீர்ந்ததும் கொடுவாக்கள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்தன. இருபத்திரண்டு பதினாறாயிற்று. தவிடும் புண்ணாக்கும் அவை திரும்பிப் பார்க்காது. மீன்தான் வேண்டும். அந்த மீன் எங்கே கிடைக்கும்? கரையில், வலையிலிருந்து கழித்துப் போடுகிற பொடி மீன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தம்பி முதல் பஸ்ஸில் குப்பத்துக்குக் கிளம்பினான். எந்தக் கரையிலிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு வந்தேனோ, அந்தக் கரைக்கே அந்தப் பதினாறு கொடுவாவும் அவனை இழுத்தன. நான் வெட்டின குளம், நான் வாயைத் திறக்காமல் விட்ட மீன்.

முதலில் பத்து மணிக்குத் திரும்பிவிடுவான். பிறகு பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. ஒரு நாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். முதுகில் விறைப்பாக இருந்தது. முகர்ந்தேன், பிறகு நாக்கில் வைத்தேன். அவன் டிரம் தண்ணீருக்குச் செய்தானே, அதேபோல. கரையில் நிற்கிறவன் சட்டை முதுகுவரை உப்பாகாது.

"கேளேன் அவன" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவான்."

"சொல்லட்டுமே."

"சொல்லிட்டான்னா அப்பறம் தெனமும் போவான். இப்ப ஒளிச்சிக்கினு போறான். ஒளிக்கிறவரைக்கும் கொஞ்சமாவது பயப்படுறான்னு அர்த்தம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். கணக்கில் இரண்டு அதிகமாக இருந்தது. இரண்டு வேளை விட்டிருக்கிறான். அதிகாலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் விட்டிருப்பான்.

அடுத்த நாள் அவன் போகவில்லை. ஐஸ் பெட்டியில் முந்தின நாள் மீன் மிச்சம் இருந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் இருந்தது நானும் அவனும்தான். நான் அடுப்படியில் கேப்பைக் கூழைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவன் குளத்தங்கரையில் பொடி மீனை ஒவ்வொன்றாக வலைக் கண்ணி வழியாக உள்ளே போட்டுக்கொண்டு அவற்றோடு பேசிக்கொண்டிருந்தான். "ஏய் மொட்டவாலு, நீ தின்ன இல்ல, தள்ளு" என்றது கேட்டது. அப்புறம் அந்தக் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற அந்த ஒரு சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம். பிறகு விழுகிற ஓசை.

கூழ் துழாவிய துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பை அணைக்கவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான் அதை நினைக்கவே இல்லை.

அவன் வலை மேல் கிடந்தான். குப்புற. வலை தொட்டிலாகத் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் வலை இறங்கி ஏறியது, அவன் ஒரு காது தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. இரண்டு இடத்தில் கண்ணி அறுந்து பிரிவதைப் பார்த்தேன். கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி அவன் தலைமுடியைப் பிடித்தேன். முகம் மேலே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டேன். இழுத்துப் போட என்னால் முடியவில்லை. கத்தினேன். அவனுக்குக் கீழே கொடுவாக்கள் பொடி மீனுக்காக வாலடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. டாக்டரம்மா நேரத்தைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். எதைப் பார்த்துக் கவனிப்பது? ஒன்று இரண்டு என்று எண்ணினேன். இருநூற்று எத்தனையோ எண்ணியபோது உடம்பு தளர்ந்தது. அதற்குள் பக்கத்து வீட்டம்மா மதிலைச் சுற்றி ஓடிவந்து அவன் கைலியைப் பற்றி இழுத்தார். இரண்டு பெண்கள் சேர்ந்து அவனைச் சிமெண்டுக் கரையில் உருட்டிப் போட்டுப் பக்கவாட்டில் படுக்க வைத்தோம்.

கூழ் அடிப்பிடித்துக் கருகி நாறியது. பக்கத்து வீட்டம்மாதான் போய் அடுப்பை அணைத்தார்.

தூங்கி எழுந்து அவன் வெளியே வந்தபோது மத்தியானம். கன்னத்தில் வலைக் கண்ணி அழுத்திய கோடுகள் கட்டம் கட்டமாக இருந்தன. போய் வலையைப் பார்த்தான். அறுந்த கண்ணிகளை விரலால் தடவினான். கொக்கியின் முடிச்சு ஒன்றை இழுத்துப் பார்த்தான்.

"கொக்குக்குன்னு சொன்ன இல்ல?"

நான் கரையில் சிந்திக் கிடந்த பொடி மீனைப் பொறுக்கினேன்.

"பெரிய கொக்குதாங்க்கா மாட்டிக்கினு கீது" என்றான். சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவன் உட்கார்ந்து வலை ஊசியை எடுத்து அறுந்த இடத்தைப் பின்ன ஆரம்பித்தான். முழுவதும் பின்னி முடித்தபின், என் முகத்தைப் பார்க்காமல், "நாலு தபா படகு ஏறினேன். நாலு தபாதான்" என்றான்.

"கட்டிக்கினா போன?"

"இடுப்புல கயிறு கட்டிக்கினுதான். அண்ணன்தான் கட்னாரு."

அந்த அண்ணன் என்பது படகின் மூத்த கூட்டாளி. நான் வாசல் பக்கம் போய் அவருக்குப் போன் போட்டேன். மீதிப் பணம் முப்பதாயிரத்தையும் உடனே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் அண்ணே, என்ன கஷ்டமானாலும் புரட்டிக் கொடுங்கள் என்றேன். அவருக்குப் புரிந்தது. எதற்கு இவ்வளவு ஜல்தி என்று கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குளத்தைப் போய்ப் பார்த்தார். "உப்பு இல்லாத தண்ணியில இம்மா பெருசா! உன் கை ராசிடா" என்றார். கொடுவா ஒவ்வொன்றும் முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. தம்பிக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஐப்பசியில் விற்றால் மாமா போட்ட சிமெண்டுக் காசும் கெண்டைக் காசும் வந்துவிடும் என்று கணக்குச் சொன்னான். என் வீட்டுக்காரர், "கொடுவா தின்ன கெண்டைக்கு வட்டியும் போட்டுக் குடு மச்சான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்காகத்தான் சொன்னார் என்று பட்டது.

பிறகு அண்ணன் மடியிலிருந்து பணக்கட்டை எடுத்து வைத்தார். "முப்பது இருக்குது. எண்ணிக்க. தங்கச்சி, நீயும் பாத்துக்கம்மா. இத்தோட கணக்கு தீந்துச்சு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி எண்ணினான். ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். எச்சில் தொட்டு மெதுவாக எண்ணினான், ஒரு தரம், திரும்ப ஒரு தரம். அடுக்கிச் சரிசெய்தான். பெரிய அடுக்கை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். அதற்கு முன் மேலிருந்து பத்து நோட்டை உருவி எடுத்திருந்தான். அதை மடித்து அண்ணன் சட்டைப் பையில் அவனே வைத்தான்.

"இது இருக்கட்டும்ண்ணே. பெறவு வாங்கிக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து சொல்ல ஒரு நிமிடம் இருந்தது, கொடுவாவை விட்ட அன்றைக்கு இருந்ததுபோல. தம்பி யாரையும் பார்க்கவில்லை. குளத்துப் பக்கம் போய்க் கொக்கியில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றாக. அதற்குப் பிறகு, நான் சொல்லாமலே மாத்திரைக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறான். இப்போதெல்லாம் அந்த அட்டையில் கணக்கு சரியாக இருக்கிறது. குப்பத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறான், பத்து மணிக்குத் திரும்புகிறான். சட்டையை நான் இன்னமும் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை. அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஐயாயிரம் ரூபாய்.